குடும்ப வழியில் வரும் தமனிப் புடைப்பு

அமெரிக்க வாலிபால் வீராங்கனை ஃப்ளோ ஹைமன், 1986 ஜனவரி 24 அன்று ஜப்பானின் மட்சுவே நகரில் ஆட்டத்தின் நடுவே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அப்படியே சரிந்து விழுந்து இறந்தார். வயது 31. முதலில் மாரடைப்பு என்றார்கள். பிரேதப் பரிசோதனை வேறொன்றைச் சொன்னது: இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனி கிழிந்திருந்தது. ஆறடிக்கு மேல் வளர்ந்த அந்த உடம்பில் மார்ஃபான் என்ற பரம்பரைக் கோளாறு இருந்ததை அதுவரை யாரும் கவனிக்கவில்லை. பிறகு அவருடைய சகோதரரைச் சோதித்தபோது அவருக்கும் அது இருந்தது. அவருக்கு அறுவை சிகிச்சை செய்ய முடிந்தது.

இதயத்தோடு நிற்பதில்லை

உடலின் உறுப்புகளுக்கு உறுதி தருவது இணைப்புத் திசு. மார்ஃபானில் நேர்வதுபோல் அதற்கான மரபணுவில் பழுது இருந்தால் தமனிச் சுவர் எங்கும் நலிவாகவே இருக்கும். மூளைக்குப் போகும் தமனியும் விலக்கல்ல. ரத்தம் மோதும் கிளைப் பிரிவுகளில், தேய்ந்த சைக்கிள் டியூப் போலச் சுவர் புடைக்கும். இதுதான் அனியூரிசம். பெரியவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு மூளையில் இது இருக்கலாம். பெரும்பாலானவை வெடிப்பதே இல்லை.

எந்த நோய் என்பது முக்கியம்

மார்ஃபானில் முதல் ஆபத்து மகாதமனிக்குத்தான்; மூளை அனியூரிசத்தோடு அதற்குள்ள தொடர்பு நீண்டகாலம் விவாதத்தில் இருந்தது. 2005இல் விவரிக்கப்பட்ட லோயிஸ்-டயட்ஸ் கோளாறில் அந்தச் சந்தேகமே இல்லை. தலை முதல் இடுப்பு வரை தமனிகள் வளைந்து நெளிந்து, பல இடங்களில் புடைக்கும். பிளவுபட்ட உள்நாக்கும் அகன்று விலகிய கண்களும் துப்பு கொடுக்கும். டார்ச் அடித்து வாய்க்குள் பார்க்க அரை நிமிடம் போதும்!

மூன்றாவது, ரத்தக்குழாய் வகை ஏலர்ஸ்-டான்லோஸ். கொலாஜன் என்ற புரதத்தின் மூன்றாம் வகையில் கோளாறு. ரத்தநாளங்கள் தெரியும் மெல்லிய தோல், லேசாக இடித்தாலே கன்றிப்போவது இதன் அடையாளங்கள்.

பெற்றோரில் ஒருவருக்கு இந்த மூன்றில் ஒன்று இருந்தால் பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு. குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாகவும் தோன்றலாம்.

ஸ்கேனும் சிகிச்சையும்

எம்.ஆர். ஆஞ்சியோ, சி.டி. ஆஞ்சியோ இரண்டும் புடைப்பைக் காட்டிவிடும். ஏலர்ஸ்-டான்லோஸ் உள்ளவருக்குக் குழாய் செலுத்திச் செய்யும் ஆஞ்சியோவைக் கூடியவரை தவிர்ப்பார்கள். குழாய் உரசியே தமனி கிழியலாம். கிளிப் போடுவதா, சுருள் கம்பி வைத்து அடைப்பதா, பார்த்துக்கொண்டே இருப்பதா என்பது புடைப்பின் அளவையும் இடத்தையும் பொறுத்தது.

திடீரென்று, வாழ்நாளில் கண்டிராத தலைவலி வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கக் கூடாது. உடனே அவசரப் பிரிவுக்குப் போய், நோயின் பெயரை முதலிலேயே சொல்ல வேண்டும்.

மருந்துச் சீட்டிலும் ஒரு கண்

ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும் புகையை விடுவதும் தெரிந்த சங்கதிதான். பலர் அறியாதது ஆன்டிபயாடிக் விஷயம். சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் மகாதமனி கிழியும் ஆபத்தைக் கூட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் எச்சரித்தது. மார்ஃபான், ஏலர்ஸ்-டான்லோஸ் இரண்டையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து எழுதும் டாக்டருக்கும் இந்தக் குடும்ப விவரம் தெரிந்தாக வேண்டும்.