டர்போ காருக்கு டயர் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் போதும், ஒரே மாதிரியான புகார்கள் என்னிடம் வர ஆரம்பித்துவிடும். டர்போ என்ஜின் வைத்த ஹேட்ச்பேக் கார். கம்பெனி டயர் தேய்ந்ததும் ‘அகலமா, ஸ்போர்ட்ஸா’ என்று கேட்டு வேறு டயர் போட்டிருப்பார்கள். ஈசிஆரில் மழைத் தண்ணீரில் பிரேக் அடிக்கும்போது கார் வழுக்கிக்கொண்டு போய் மீடியனில் ஏறியிருக்கும். இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து, டயர் அளவு கம்பெனி அளவு இல்லை என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். டயர் கடைக்காரரோ, ‘நீங்க கேட்டதைத்தானே சார் போட்டேன்’ என்று கையை விரிப்பார். பில்லைக் காட்டுங்கள் என்றால் ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டுவார்கள். ‘டயர் 4’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு தொகை. அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்தின் படியும் ஏற முடியாது.

ஐ20 என் லைன், போலோ ஜிடி டிஎஸ்ஐ, இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் அபார்த் புன்டோ போன்ற கார்களை வைத்திருப்பவர்கள் காரை நேசிப்பவர்கள். என்ஜினுக்கு ரீமேப், புகைபோக்கிக்குப் புது சைலன்சர் என்று தாராளமாகச் செலவழிப்பார்கள். இந்தக் கார்களில் இழுப்பதும் திரும்புவதும் முன்சக்கரங்கள். பிரேக்கின் பெரும்பங்கையும் அவையே தாங்குகின்றன. என்ஜின் சக்தியைக் கூட்டியவர் முதலில் பார்க்க வேண்டியது டயரை. கடைசியில்தான் பார்க்கிறார், அதுவும் விலையைப் பார்த்து.

கடையில் பேரம் பேசுவதற்கு முன் டயரின் பக்கவாட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஐ20 என் லைனில் 195/55 ஆர்16 என்றிருக்கும். 195 என்பது அகலம், மில்லிமீட்டரில். அந்த அகலத்தில் 55 சதவீதம் பக்கவாட்டின் உயரம், அதாவது சுமார் 107 மி.மீ. 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அதை அடுத்து 87வி என்று இருந்தால், 87 என்ற எண் ஒரு டயர் 545 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கும். வி என்ற எழுத்து மணிக்கு 240 கி.மீ. வரையிலான வேகத் தரம். டி என்றால் 190, ஹெச் என்றால் 210. எழுத்து குறைந்த டயரை ‘நம்ம ஊர்ல யார் சார் அவ்வளவு வேகத்துல போறாங்க’ என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். வேகத் தரம் சூட்டைத் தாங்கும் திறனையும் சொல்கிறது. சித்திரை வெயிலில், முழு ஆளோடும் சாமானோடும் பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓடும் டயருக்கு அந்தத் திறன் வேண்டும். கம்பெனி கொடுத்த எண்ணுக்கும் எழுத்துக்கும் கீழே போகாதீர்கள்.

எல்லோரும் ஆசைப்படுவது 17 அங்குல ரிம்முக்கு. 205/45 ஆர்17 போட்டால் மொத்த விட்டம் ஏறக்குறைய அதேதான் வரும், 5 மி.மீ.கூடக் குறையாது. ஆனால் பக்கவாட்டு உயரம் 107-லிருந்து 92 மி.மீ. ஆகிவிடும். பள்ளத்துக்கும் ரிம்முக்கும் நடுவில் இருந்த ரப்பரில் 15 மி.மீ. போய்விட்டது. நம் சாலைகளில் மழை முடிந்த மறுவாரம் அதன் பலன் தெரியும்: பக்கவாட்டில் முட்டை முட்டையாக வீக்கம், வளைந்த ரிம். இன்னொன்றையும் யாரும் பார்ப்பதில்லை. அந்த அளவில் சாதாரண வகை டயரின் சுமை எண் 84, அதாவது 500 கிலோ. கம்பெனி டயரைவிட ஒவ்வொரு சக்கரத்திலும் 45 கிலோ குறைவு. எக்ஸ்எல் என்று பொறித்த வகையில் 88 கிடைக்கும், 560 கிலோ. அதற்குக் காற்றும் கூடுதலாக வைக்க வேண்டும். இதைச் சொல்லி விற்கும் கடைகள் மிகக் குறைவு.

விட்டக் கணக்கைக் கடைக்காரரிடம் விடாமல் நீங்களே போட்டுப் பாருங்கள். பழைய போலோ ஜிடியின் 185/60 ஆர்15 டயரின் விட்டம் 603 மி.மீ. அதற்குப் பதில் 195/55 ஆர்16 போட்டால் 621. மூன்று சதவீதம் கூடுகிறது. ஸ்பீடோமீட்டர் கணக்கும் ஏபிஎஸ்ஸின் கணக்கும் பழைய சக்கரத்தை வைத்துப் போடப்பட்டவை. மூன்று சதவீதம் என்பதே எல்லை. அதற்கு மேல் ஒரு அடி எடுத்துவைக்காதீர்கள். உங்கள் காரின் கையேட்டிலோ, ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளிலோ, பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ கம்பெனி அனுமதித்த அளவுகள் இருக்கும். அந்தப் பட்டியலில் உள்ள அளவைப் போட்டால் தொல்லை இல்லை. பட்டியலில் இல்லாததைப் போட்டால், பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்தது டயரின் வயது. டிஓடி என்ற எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 3124 என்றால் 2024-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரம். இந்த நான்கு எண்கள் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கலாம். அந்தப் பக்கம் உள்ளே போகும்படி மாட்டிவிட்டால் காருக்கு அடியில் படுத்துத்தான் தேட வேண்டும். ஆகவே ரிம்மில் ஏற்றும் முன்பே பாருங்கள், நான்கு டயரிலும் பாருங்கள். அதிகம் விற்காத ஸ்போர்ட்ஸ் அளவுகள் கடையில் வருடக்கணக்கில் கிடக்கும். பாலிஷ் போட்டுப் பளபளவென்று கொண்டுவந்து வைப்பார்கள். ரப்பர் இறுகிப்போன டயர் பட்டன் முழுசாக இருந்தாலும் ஈரத்தில் பிடிக்காது. ஒரு வருடத்துக்கு மேல் பழையதானால் விலை குறைப்பதாகச் சொன்னாலும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். கார் டயருக்கான தர எண் ஐஎஸ் 15633. 2009-ஆம் ஆண்டின் தரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது. முத்திரையோடு சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். கைபேசியில் ‘பிஐஎஸ் கேர்’ செயலியை இறக்கி அந்த எண்ணைப் போட்டால் எந்தத் தொழிற்சாலையின் உரிமம், உயிரோடு இருக்கிறதா என்று காட்டிவிடும். போலி என்று தெரிந்தால் அதே செயலியில் புகாரும் கொடுக்கலாம். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று மத்திய அரசு கட்டுப்பாடு விதித்த பிறகு, வெளிநாட்டுப் பெயர் சொல்லி விற்கும் டயர்களில் இந்தச் சோதனை இன்னும் அவசியமாகிவிட்டது.

எந்த டயர் நல்லது என்று கேட்பவர்களுக்கு ஒன்றே சொல்வேன்: மழையில் எது பிடிக்கும் என்று கேளுங்கள். பக்கவாட்டில் ட்ரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும். 200 பக்கம் இருந்தால் மென்மையான ரப்பர், நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். 500 இருந்தால் நெடுநாள் உழைக்கும், பிடிப்பை எதிர்பார்க்க வேண்டாம். இந்த எண்ணை ஒரே கம்பெனியின் டயர்களுக்குள் ஒப்பிடத்தான் நம்பலாம். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவர்கள் போடும், வரிகள் குறைந்த டயரை வேளச்சேரி மழையில் ஓட்டாதீர்கள். தண்ணீரை வெளியேற்ற வரி இல்லையென்றால் கார் தண்ணீர் மேல் மிதக்கும். ஸ்டியரிங்கும் பிரேக்கும் சொன்ன பேச்சைக் கேட்காது. இரண்டு டயர் மட்டும் மாற்றுவதானால் புதியவை பின்சக்கரத்துக்குப் போக வேண்டும். முன்சக்கரம் வழுக்கினால் காலை எடுத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் கார் சுற்றிவிடும். இதைச் சொன்னால் முன்சக்கரம்தானே இழுக்கிறது என்று கடையில் மறுப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

இனி பில். பணம் கொடுப்பதற்கு முன் ஜிஎஸ்டி எண் அச்சிட்ட பில் கேளுங்கள். அதில் டயர் கம்பெனியும் மாடலும், அளவு, சுமை எண், வேக எழுத்து, ஒவ்வொரு டயரின் வரிசை எண், தயாரிப்பு வாரம், உங்கள் காரின் பதிவு எண், ஓடிய கிலோமீட்டர் ஆகிய எல்லாம் எழுதப்பட வேண்டும். அச்சில் இடம் இல்லை என்பார்கள். பின்பக்கத்தில் எழுதிக் கடை முத்திரை போடச் சொல்லுங்கள். வாரன்டி அட்டையிலும் முத்திரையும் தேதியும் வேண்டும். பள்ளத்தில் விழுந்து கிழிந்தால் ஈடு தரும் தனி வாரன்டியைச் சில கம்பெனிகள் தருகின்றன; குறிப்பிட்ட நாட்களுக்குள் பதிவு செய்தால்தான் அது செல்லும். கடையில் நிற்கும்போதே பதிவை முடித்துவிடுங்கள். பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்றால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகன விதி 94, காரின் டயரில் பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது என்கிறது. வரிகளுக்கு நடுவே சின்ன மேடு மாதிரி ஓர் அடையாளம் இருக்கும். அதோடு ரப்பர் சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. விதி இருக்கிறது, பார்ப்பதற்கு ஆள்? மஞ்சள் போர்டு வண்டியை எஃப்சியில் பார்ப்பார்கள். வெள்ளை போர்டு காரை 15 வருடம் கழித்துப் பதிவைப் புதுப்பிக்கப் போகும்வரை எந்த ஆர்டிஓ அலுவலகமும் குனிந்து பார்ப்பதில்லை. சீட் பெல்ட்டுக்கு நிறுத்துகிற போலீஸ்காரர் டயரை ஒரு பார்வை பார்த்தால் எத்தனை உயிர் மிஞ்சும்!

வாகனத்தைத் தயாரிப்பாளரின் குறிப்பிலிருந்து மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52 கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், பிரிவு 182ஏ, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ஆர்சியில் டயர் அளவே இல்லையே என்று சிலர் வாதாடுகிறார்கள். வாதாடலாம்தான். அந்த நிலைக்கே ஏன் போக வேண்டும்?

டயர் மாற்றுவதற்கு முன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பாலிசி எண், கார் எண், இப்போதுள்ள அளவு, போடப்போகும் அளவு, கையேட்டில் அது இருக்கும் பக்கத்தின் படம் ஆகியவற்றோடு, ‘இதற்கு எண்டார்ஸ்மென்ட் தேவையா என்று எழுத்தில் தெரிவிக்கவும்’ என்று கேளுங்கள். ஏஜென்ட் போனில் ‘ஒண்ணும் பிரச்சினை இல்ல’ என்று சொல்வது பதில் ஆகாது. மறுபடியும் சொல்கிறேன், போனில் சொன்னது எங்கும் செல்லாது.

டயர் வீங்கினாலோ வெடித்தாலோ அதைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். டயர்தான் உங்கள் சாட்சி. முழு டயர், வரிசை எண், சேதம், கிலோமீட்டர் எல்லாவற்றையும் படம் எடுங்கள். டீலர் மூலம் கம்பெனிக்குக் கிளெய்ம் பதிந்து, அதன் எண்ணை வாங்குங்கள். கம்பெனி ஆள் பார்த்துவிட்டு ‘இது பள்ளத்துல அடிச்சது, வாரன்டி கிடையாது’ என்றால், காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தரவில்லையென்றால் கேட்டதை மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். அதன் பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். டயர் வாங்கிய ஊருக்குப் போகத் தேவையில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே ‘இ-ஜாக்ரிதி’ இணையதளம் வழியாகத் தாக்கல் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டு. கடைக்காரர், டயர் கம்பெனி இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளால் வந்த தீங்குக்கு இருவர் மேலும் பொறுப்புச் சுமத்த வழி இருக்கிறது.

இன்சூரன்ஸ் கிளெய்மை மறுத்தால் பாதை வேறு. மறுப்புக் கடிதமும் சர்வே அறிக்கை நகலும் கேட்டு வாங்குங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலை ஃபாத்திமா அக்தர் கோர்ட் கட்டடத்தில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரை விசாரிப்பார்கள், கட்டணம் கிடையாது, தீர்ப்பு இன்சூரன்ஸ் கம்பெனியைக் கட்டுப்படுத்தும். ஆனால் அதே விவகாரம் நுகர்வோர் ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ நிலுவையில் இருந்தால் ஆம்பட்ஸ்மேன் எடுக்க மாட்டார். ஆத்திரத்தில் இரண்டு இடத்திலும் மனு போட்டு ஆம்பட்ஸ்மேன் வழியை அடைத்துக்கொள்ளாதீர்கள்.

இத்தனை அலுவலகங்களிலும் முதலில் கேட்கப்போவது பில்லை. இன்றைக்கே உங்கள் காரின் டயர் பில்லைத் தேடி எடுங்கள். அதில் அளவும் வரிசை எண்ணும் இல்லையென்றால், கடை இன்னும் திறந்திருக்கும்போதே போய் எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.