கைப்பேசிக்கு மணி சொல்வது யார்?

பல மாதம் மேசை இழுப்பறையில் கிடந்த கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றித் திறந்து பாருங்கள். அது காட்டும் தேதி பல வேளை நம்பும்படி இருக்காது. 1970 ஜனவரி 1 என்று காட்டும் கருவிகளும் உண்டு. கைப்பேசி கோபுரத்தைப் பிடித்த சற்று நேரத்தில் தேதியும் மணியும் தாமாகவே திருந்திவிடும். மலேசியாவின் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு கடைவீட்டின் மாடியில் நிற்கும் ஆன்டெனாகூட அந்தத் திருத்தத்தை அனுப்பியிருக்கலாம்.

கைப்பேசிக்குள்ளும் ஒரு கடிகாரம் இருக்கிறது. நொடிக்கு 32,768 முறை அதிரும் சின்னஞ்சிறு குவார்ட்ஸ் படிகம்தான் அதன் இதயம். வெப்பம் ஏறி இறங்கும்போதும் வயது கூடும்போதும் அதிர்வு இம்மியளவு மாறும். நாளுக்கு ஒரு நொடி பிசகினாலும் மாதத்தில் அரை நிமிடம் போய்விடும். அதனால் அது வெளியே கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கேட்பவை இரண்டு. உலகப் பொது நேரம் என்ன? அதனோடு இந்த ஊருக்கு எவ்வளவு கூட்ட வேண்டும்? இரண்டுக்கும் சேர்த்து விடை சொல்வது, பொறியாளர்கள் ‘நிட்ஸ்’ என்று அழைக்கும் ஒரு சிறு சமிக்ஞைச் செய்தி. இது 1990களில் ஜிஎஸ்எம் கைப்பேசித் தரவிதிகளில் சேர்க்கப்பட்டது. கைப்பேசி வலையமைப்பில் பதிவாகும்போதோ புதிய வட்டாரத்துக்குள் நுழையும்போதோ, திரையில் எதுவும் தோன்றாமல் இது வந்து சேரும். ஆண்டு முதல் நொடி வரை அதில் இருக்கும். கூட்ட வேண்டிய நேரம் கால் மணிக் கணக்கில் இருக்கும். மலேசியாவுக்கு 32 கால் மணி, இந்தியாவுக்கு 22, நேப்பாளத்துக்கு 23.

இந்த எண்ணை வானம் தீர்மானிப்பதில்லை, அரசுகள் தீர்மானிக்கின்றன. மலாயாவின் நேரம் 1905இல் கிரீன்விச்சுக்கு 7 மணி முன்னே இருந்தது. 1933இல் 7 மணி 20 நிமிடமானது. அந்த நேரம் இன்று நடப்பில் இருந்தால், கால் மணிக் கணக்கில் அடங்காமல் நிட்ஸ் செய்தி திண்டாடியிருக்கும். 1941இல் ஏழரையானது. ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரம் நடந்தது. போர் முடிந்ததும் ஏழரை திரும்பியது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30க்குத் தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரை மணி முன்னே தள்ளப்பட்டு, சபா, சரவாக்குடன் ஒரே நேரமாயின. அன்று ஒவ்வொரு வீட்டிலும் கையால் முள்ளைத் திருப்ப வேண்டியிருந்தது.

சூரியனுக்கு இந்தச் சட்டம் கட்டுப்படாது. ஸ்ரீ கெம்பாங்கானில் உச்சிவேளை, கைப்பேசிப்படி பகல் 1.15ஐ ஒட்டித்தான் வருகிறது. பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்கு இது முக்கியம். சென்னைப் பஞ்சாங்கத்தில் உள்ள திதி முடியும் நேரத்தோடு இரண்டரை மணியைக் கூட்டினால் போதும். இராகுகாலமோ உள்ளூர்ச் சூரிய உதயத்திலிருந்து கணக்கிட வேண்டியது. திங்கட்கிழமை 7.30 என்று பாடமாகச் சொல்வது, காலை 6 மணி உதயத்துக்கான கணக்கு. இங்கே 7.10க்கு உதயமாகும் நாளில் அது 8.40க்குத்தான் தொடங்கும்.

கோபுரத்துக்கு நேரம் எங்கிருந்து வருகிறது? பல கோபுரங்களின் ஓரத்தில் கையளவு வெள்ளைக் குமிழ் ஒன்றைக் காணலாம். அது ஜிபிஎஸ் ஏற்பி. ஜிபிஎஸ் துணைக்கோள்கள் ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரங்கள் உள்ளன. கோபுரங்களுக்கு அவற்றின் துல்லியம் அத்தியாவசியத் தேவை. அனுப்பவும் பெறவும் ஒரே அலைவரிசையை மாறி மாறிப் பயன்படுத்தும் 5ஜி கோபுரங்கள், நொடியின் பத்து லட்சத்தில் ஒன்றரைப் பங்குக்கு மேல் பிசகக் கூடாது. அவ்வளவு நேரத்தில் ஒளி 450 மீட்டர்தான் போகும். பிசகினால் பக்கத்துக் கோபுரத்தின் பேச்சில் போய் மோதும்.

இத்தனை நுட்பத்தையும் நிட்ஸ் அப்படியே நம் கைக்குக் கொண்டுவருவதில்லை. வழியில் சில நொடிகள் பிந்தலாம். தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கணினியில் நேரம் தவறாக இருந்தால் அந்தத் தவறும் சேர்ந்தே வரும். எனவே பல கைப்பேசிகள் நொடிக் கணக்கை இணையத்தில் சரிபார்க்கின்றன. அமெரிக்க அறிஞர் டேவிட் மில்ஸ் 1980களில் வகுத்த என்டிபி முறைதான் அதற்கு அடிப்படை. கேள்வி புறப்பட்ட நேரம், போய்ச் சேர்ந்த நேரம், பதில் புறப்பட்ட நேரம், வந்து சேர்ந்த நேரம் ஆகிய நான்கையும் ஒப்பிட்டு, பயணத் தாமதத்தைக் கழித்துவிடுகிறது.

எல்லை ஊர்களில்தான் கவனம் தேவை. ஹாட்யாய் போகிறவர்கள் பாடாங் பெசாரில் ரோமிங் திறந்து வைத்திருந்தால், கைப்பேசி தாய்லாந்துக் கோபுரத்தைப் பிடித்து ஒரு மணி நேரம் பின்னே போகலாம். மலேசிய நேரப்படி ரயில் பிடிக்க வேண்டியவர், திரையை மட்டும் நம்பினால் ரயிலைத் தவறவிடுவார். ரயில் நிலையக் கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. மற்ற நாட்களில் ‘தானியங்கி நேரம்’ அமைப்பை அணைக்காதீர்கள். 30 நொடிக்கு ஒருமுறை மாறும் பாதுகாப்பு எண்ணைத் தரும் செயலிகள், கைப்பேசியின் நேரம் பிசகினால் தவறான எண்ணைக் காட்டும். பிசகு பெரிதானால் பாதுகாப்பான இணையத்தளங்களும் திறக்க மறுக்கும்.

மலேசியாவின் அதிகாரபூர்வ நேரத்தைக் காப்பது செப்பாங், சாலாக் திங்கியில் உள்ள தேசிய அளவியல் கழகம். சீசியம் அணு 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 முறை அதிர்வதே ஒரு நொடி என்பது 1967 முதல் உலகம் ஏற்ற கணக்கு. அங்குள்ள அணுக் கடிகாரங்களின் அளவீடும், பல நாட்டு ஆய்வகங்களின் அளவீடுகளோடு பாரிஸ் அருகே உள்ள அனைத்துலக அளவியல் நிலையத்துக்குப் போய், உலகப் பொது நேரமாகிறது. நாம் சும்மா பார்த்துவிட்டுப் போகும் அந்த மணி, நாடுகள் ஒன்றையொன்று நம்பிச் சேர்ந்து காக்கும் பொதுச் சொத்து. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய அறிவியல் இது.