முனைவர் பட்ட அனுமதியை ஒத்திவைத்தல்: இடம் காத்திருக்கும், நிதி காத்திருக்குமா?

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வுக்கு அனுமதி கிடைத்த மாணவர் ஒருவருக்கு, அதே வேளையில் வேறொரு ஆய்வுக்கூடத்தில் ஓராண்டுப் பணியோ, களஆய்வுக்கான உதவித்தொகையோ தேடி வந்தால் அவர் என்ன செய்வது? அனுமதியை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்குமாறு பல்கலைக்கழகத்தைக் கேட்கலாம் என்பதே அவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் அறிவுரை. அது தவறான அறிவுரை அன்று. ஃபுல்பிரைட் போன்ற உதவித்தொகைகளுக்காக ஓராண்டு அவகாசம் பெற்றுச் செல்வோர் உண்டு. ஆனால் ஒத்திவைக்கப்படுவது எது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

முனைவர் பட்ட அனுமதி என்பது ஒற்றை வாக்குறுதி அன்று. படிப்பில் ஓர் இடம், கட்டண விலக்குடன் கூடிய மாதாந்த உதவித்தொகை, ஆய்வை வழிநடத்தப் பேராசிரியர் ஒருவர் ஆகிய மூன்றும் அதனுள் அடங்கியுள்ளன. 'ஓராண்டு ஒத்திவைக்கச் சம்மதம்' என்று துறையிலிருந்து வரும் மின்னஞ்சல் பல சமயங்களில் முதலாவதை மட்டுமே காப்பாற்றுகிறது. நிதி அடுத்த ஆண்டின் வரவுசெலவைப் பொறுத்தது. பேராசிரியரோ வேறு பல்கலைக்கழகத்துக்குச் சென்றுவிடலாம், அல்லது அவருடைய ஆய்வு மானியம் அதற்குள் முடிந்துவிடலாம்.

நிதியை வருவோர்க்கெல்லாம் உறுதியாகக் கருதும் பழக்கத்துக்கு 2025ஆம் ஆண்டு பலத்த அடி கொடுத்தது. அவ்வாண்டு பெப்ரவரியில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம், ஆய்வு மானியங்களின் மறைமுகச் செலவுகளுக்கு 15 சதவீத உச்சவரம்பை அறிவித்தது. நீதிமன்றங்கள் அதைத் தடுத்தபோதிலும் பல்கலைக்கழகங்களின் அச்சம் நீங்கவில்லை. மார்ச் மாதத்தில் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவக் கல்லூரி, உயிரியல் மருத்துவ முனைவர் படிப்புக்குத் தான் ஏற்கெனவே அளித்திருந்த அனுமதிகளைத் திரும்பப் பெற்றது. அடுத்து வரும் ஆண்டுகளில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கலை, அறிவியல் பீடம் முனைவர் பட்ட இடங்களைப் பெருமளவு குறைக்கவிருப்பது அக்டோபரில் தெரியவந்தது. இத்தகைய சூழலில் ஓராண்டு தள்ளிச் செல்பவர், கடந்த ஆண்டின் வாக்குறுதியுடன் இந்த ஆண்டின் சுருங்கிய வரவுசெலவுக்குள் நுழைகிறார்.

எனவே மாணவர் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டியவை சில உள்ளன. உதவித்தொகை அதே தொகையில், அதே ஆண்டுகளுக்குத் தொடருமா? மீண்டும் விண்ணப்பிக்க வேண்டுமா? இடைப்பட்ட காலத்தில் வேறு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கத் தடை உண்டா? பேராசிரியரின் வாய்மொழி உறுதி அன்பானதாக இருக்கலாம். ஆனால் ஒத்திவைப்பை முடிவு செய்வது பெரும்பாலும் துறையும் பட்டமேற்படிப்புப் பிரிவுமே.

கேட்கும் நேரமும் முக்கியம். நிதியுதவியுடன் கூடிய அழைப்புகளுக்கு ஏப்ரல் 15ஆம் தேதிக்கு முன்பாகப் பதிலளிக்குமாறு மாணவரை நிர்ப்பந்திக்கக் கூடாது என்ற தீர்மானத்தில் அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பள்ளிகளின் மன்றத்தைச் சேர்ந்த பல நிறுவனங்கள் ஒப்பமிட்டுள்ளன. அத்தேதிக்கு முன்பே கோரிக்கையை வைப்பவருக்கு, மறுப்பு வந்தாலும் மாற்று யோசனைக்கு நேரம் இருக்கும். ஜூலையில் கேட்பவருக்கு அது இருக்காது. துறையும் அதற்குள் காத்திருப்போர் பட்டியலை மூடியிருக்கும்.

துறைக்குத் துறை நிலைமை மாறுகிறது. உயிரியல் துறைகள் பலவற்றில் மாணவர் முதலாண்டில் சில ஆய்வுக்கூடங்களில் சுழற்சி முறையில் பணியாற்றிய பின்னரே வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கிறார். ஆகவே ஒருவர் ஓராண்டு தாமதித்தால் பெரிய குழப்பம் நேராது. பொறியியலிலோ குறிப்பிட்ட ஒரு மானியத்தின் பணிக்கென்றே ஆள் எடுக்கப்படுவது வழக்கம். அந்தப் பணி காத்திருக்காது. ஜெர்மனி, நெதர்லாந்து, சுவீடன் ஆகிய நாடுகளில் முனைவர் பட்ட ஆய்வு பெரும்பாலும் ஊதியம் பெறும் வேலையாகவே விளம்பரப்படுத்தப்படுகிறது. அங்கு ஒத்திவைப்பு என்ற பேச்சுக்கே அதிக இடமில்லை. பணியில் சேரும் நாளைச் சில மாதங்கள் தள்ளிக் கேட்கலாம், அவ்வளவே.

வெளிநாட்டு மாணவருக்கு விசா மற்றொரு கணக்கு. தொடக்க நாள் மாறினால் அமெரிக்கப் பல்கலைக்கழகம் புதிய நாளுடன் ஐ-20 படிவம் வழங்க வேண்டும். இடைப்பட்ட ஆய்வுப்பணி அமெரிக்காவிலேயே, ஜே-1 ஆய்வாளர் விசாவில் அமைந்தால் கூடுதல் கவனம் தேவை. அந்தத் திட்டம் முடிந்தபின் 24 மாதங்களுக்கு அதே ஆய்வாளர் பிரிவில் மீண்டும் வர இயலாது. அரசு நிதியில் வந்தவருக்கு, ஈராண்டு தாய்நாட்டில் வசிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பொருந்தலாம். அந்நிபந்தனை மாணவர் விசாவைத் தடுக்காது என்றாலும், பின்னர் எச்-1பி பணி விசாவுக்கோ நிரந்தர வதிவிடத்துக்கோ விண்ணப்பிக்கும்போது குறுக்கே நிற்கும்.

இந்தியாவில் முனைவர் பட்டம் மேற்கொள்ள எண்ணுவோருக்குக் கெடு இன்னும் குறுகியது. உதவித்தொகைக்குத் தகுதி பெறாமல், முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டும் பயன்படும் நெட் தேர்வு மதிப்பெண், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2024ஆம் ஆண்டு அறிவிப்பின்படி ஓராண்டுக்கே செல்லும்.