சுதையும் சுவரும்: பழைய வீட்டு முகப்பைப் புதுப்பித்தல்

காரைக்குடி, கும்பகோணம், புதுச்சேரி போன்ற ஊர்களின் உள்தெருக்களில் 80, 100 ஆண்டுகளைக் கடந்து நிற்கும் வீடுகளைப் புதுப்பிக்க முனைவோர், கூரையையும் குழாய்களையும் மின்கம்பிகளையும் சரிசெய்த பிறகு தெருவைப் பார்த்த முகப்புக்கு வருகிறார்கள். பழைய பூச்சை முழுவதும் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூசி, அதன்மேல் கடையில் விற்கும் தெர்மோகோல் பட்டைகளையும் அரைத்தூண்களையும் ஒட்டி வண்ணம் அடித்து, 'எலிவேஷன்' மாற்றிவிட்டதாக மனநிறைவு கொள்வது இன்று பரவலான வழக்கம். அவ்வாறு மாற்றப்பட்ட முகப்புகளில் பல, சில மழைக்காலங்களுக்குள் அடிப்பகுதியில் உப்புப் பூத்து உதிரத் தொடங்குகின்றன. இதற்குக் கொத்தனாரின் கைத்திறன் குறைந்துவிட்டதாகப் பழி சொல்லப்படுவது உண்டு. ஆனால், பெரும்பாலான வீடுகளில் குறை அங்கே இல்லை. அந்தச் சுவர் எதனால் கட்டப்பட்டது, அதற்குள் நீர் எப்படி வந்து எப்படிப் போகிறது என்ற கேள்விகளைக் கேட்காமலேயே பூச்சைத் தேர்ந்ததில்தான் இருக்கிறது.

சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தைச் செங்கல்மீது பூசி, அதையே வளைத்தும் வடித்தும் அணிவேலைகளை உருவாக்கும் சுதைக் கலை தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. கோபுரங்களில் நிற்கும் உருவங்களில் மிகப் பல, செங்கல் உள்ளுடலின்மேல் சுதை பூசி உருவாக்கப்பட்டவை. 17ஆம் நூற்றாண்டில் எழுந்த மதுரைத் திருமலை நாயக்கர் மகாலின் பெருந்தூண்களும் வளைவுகளும் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்து காட்டிய திறமைக்குச் சான்று. கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கொண்டு சென்னையில் செய்யப்பட்ட பூச்சு, பளிங்கோடு ஒப்பிடத்தக்கது என்று 18ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த ஐரோப்பியர் வியந்து எழுதினர். அதே நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திலும் இதையொத்த மோகம் பிறந்தது. ஜேம்ஸ் பார்க்கர் 1796இல் காப்புரிமை பெற்ற 'ரோமன் சிமெண்ட்' விரைவில் இறுகி மழையைத் தாங்கியதால், ஜான் நாஷ் போன்ற கட்டடக்கலைஞர்கள் லண்டனின் செங்கல் வீடுகளுக்கு அவ்வகைப் பூச்சுகளைப் பூசி, ஈரப்பூச்சில் கோடு இழுத்துச் செதுக்கிய கல் அடுக்கிய தோற்றம் தந்தனர். எளிய செங்கல் முகப்பைச் சுதையால் உயர்த்திக் காட்டும் ஆசை, ஆக, எந்த ஒரு நாட்டுக்கும் தனியுரிமையானதல்ல.

சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி நீறாத சுண்ணாம்பு மிஞ்சுகிறது. அதில் நீர் ஊற்றும்போது கொதித்துப் பொங்கி நீற்றுச் சுண்ணாம்பாகிறது. அதை மணலோடு கலந்து பூசிய பின், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மீண்டும் சுண்ணாம்புக்கல்லின் தன்மையையே அடைகிறது. இந்த மாற்றம் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கிப் பல மாதங்கள் நடப்பது என்பதால் சுண்ணாம்புப் பூச்சு பொறுமையைக் கேட்கிறது. சிமெண்டோ நீருடன் வினைபுரிந்து சில மணி நேரத்தில் இறுகி, 28 நாளில் தன் வலிமையின் பெரும்பகுதியை எட்டிவிடுகிறது. கட்டுமானத் தொழில் சிமெண்ட் பக்கம் சாய்ந்ததற்கு இந்த வேகம் ஒன்றே போதுமான காரணம். ஆனால், இறுகிய சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் மிகுதி, விறைப்பு குறைவு. இந்த இரு இயல்புகளும் பழைய சுவருக்கு இன்றியமையாதவை.

பழைய வீடுகளின் அடித்தளத்தில் நீர்த்தடுப்புப் படுகை, அதாவது மண்ணின் ஈரம் மேலேறாமல் தடுக்கும் அடுக்கு, பெரும்பாலும் இருப்பதில்லை. நிலத்தின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே ஏறத்தாழ இடுப்பளவு உயரம்வரை ஏறுகிறது. கூடவே மண்ணில் கரைந்த உப்பும் ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சு உள்ள சுவரில் அந்த ஈரம் வெளிமுகத்தின் வழியாகவே ஆவியாகிவிடுவதால், ஏறுவதும் வெளியேறுவதும் ஒருவாறு சமநிலையில் நிற்கின்றன. அதன்மேல் அடர்ந்த சிமெண்டும், அதற்கும் மேல் பிளாஸ்டிக் எமல்ஷனும் வரும்போது வாயில் அடைபடுகிறது. வெளியேற வழியில்லாத ஈரம் சுவருக்குள் இன்னும் உயரமாக ஏறி, பூச்சுக்குப் பின்னால் உப்பைப் படிகமாக்குகிறது. அந்தப் படிகங்கள் விரியும் அழுத்தத்தில் செங்கல்லின் முகமே பொடியாகிறது. வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும்போது மென்மையான சுவரும் விறைத்த பூச்சும் வெவ்வேறு விதமாக அசைவதால் மயிரிழை வெடிப்புகள் தோன்றுகின்றன. மழைநீர் அவற்றின் வழியே உள்ளே புகுந்துவிடுகிறது. வந்த வேகத்தில் வெளியேறத்தான் முடிவதில்லை. ஓதம் ஏறிய இடத்தில் மேலும் ஒரு கோட் சிமெண்ட் பூசினால் தீரும் என்று எண்ணுவதே, இத்தொழிலில் மிகுந்த செலவு வைக்கும் தவறு.

எல்லாப் பழைய வீடுகளும் சுண்ணாம்பு வீடுகள் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்தியாவில் சிமெண்ட் தயாரிக்கும் முயற்சி 1904இல் சென்னை வண்ணாரப்பேட்டையில் தொடங்கி நிலைக்காமல் போக, 1914இல் போர்பந்தரில்தான் உற்பத்தி வெற்றிகரமாகக் காலூன்றியது. சிமெண்ட் சிற்றூர்க் கொத்தனாரின் அன்றாடப் பொருளாவதற்கு மேலும் சில பத்தாண்டுகள் பிடித்தன. 1930களிலிருந்து சென்னையில் எழுந்த, கிடைமட்டப் பட்டைகளும் வளைந்த மூலைகளும் கொண்ட ஆர்ட் டெகோ பாணி வீடுகள் பலவற்றின் அணிவேலை சிமெண்டில் செய்யப்பட்டது. அவற்றைச் சிமெண்டிலேயே பழுதுபார்ப்பது முறையானது. சுவரின் வகையை அறிய, தெரியாத ஓரத்தில் சிறிது பூச்சைப் பெயர்த்து, செங்கல்களுக்கு இடையிலுள்ள சாந்தை ஆணியால் கீறிப் பார்க்கலாம். வெண்மையாக அல்லது பழுப்பாக, எளிதில் பொடியாக உதிர்ந்தால் பெரும்பாலும் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் ஆணியை எதிர்த்து நின்றால் சிமெண்ட்.

பூசத் தொடங்குவதற்கு முன் நீரின் வழிகளைத் திருத்துவது முதல் வேலை. மாடித் தளத்தின் விரிசல், அடைபட்ட தூம்பு, கைப்பிடிச்சுவரின் தலைப்பகுதி ஆகியவை மேலிருந்து நீரை விடுகின்றன. கீழிருந்து வரும் தொல்லைக்கோ தெருவே காரணமாகிறது. தார்ச்சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே மீண்டும் மீண்டும் போட்டு உயர்த்தும் பழக்கத்தால், ஒரு காலத்தில் மூன்று படி ஏறிச் சென்ற திண்ணை இன்று தெரு மட்டத்துக்குச் சமமாகவோ அதற்கும் தாழ்வாகவோ கிடக்கிறது. அத்தகைய வீட்டில் சுவரை ஒட்டி வடிகாலமைத்து நீரைத் திருப்பாமல் எவ்வளவு உயர்ந்த பூச்சைப் பூசினாலும் பயன் குறைவே. அடுத்து, சுவரை விரல்முட்டியால் தட்டிப் பார்த்து, வெற்றொலி எழும் இடங்களை மட்டும் அகற்றுவது நல்லது. உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய பூச்சு பல ஆண்டுகளாகக் கல்லாகி நிற்பது; அதைப் 'புதிதாக இருக்கட்டும்' என்று உடைத்தெறிவதில் நியாயம் இல்லை. பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி அள்ளி எடுத்துவிட வேண்டும். கழுவினால் அது கரைந்து மீண்டும் உள்ளேயே போய்விடும்.

இந்தியத் தர நிறுவனத்தின் ஐஎஸ் 712 தரநிலை கட்டடச் சுண்ணாம்பைப் பல வகைகளாகப் பிரிக்கிறது. காற்றில் மட்டுமே இறுகும் கொழுஞ்சுண்ணாம்பும், களிமண் கலந்த கல்லிலிருந்து கிடைத்து ஈரத்திலும் ஓரளவு இறுகும் சுண்ணாம்பும் அவற்றில் அடங்கும். கொழுஞ்சுண்ணாம்போடு நன்கு சுட்ட செங்கல்லின் தூளாகிய சுர்க்கியைச் சேர்த்தால் ஈரத்தில் இறுகும் குணம் அதற்கும் வருகிறது என்பதால், மழையடிக்கும் முகப்புக்கு அக்கலவை ஏற்றது. பழைய காலத்தில் வட்டப் பள்ளத்தில் கல்லுருளையைக் காளைகள் இழுத்து அரைத்த சாந்தோடு, கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த நீரைச் சேர்ப்பது வழக்கம். வெல்லத்தின் சர்க்கரை சுண்ணாம்பை நீரில் மிகுதியாகக் கரையச் செய்து சாந்தை இழைய வைக்கிறது. முட்டை வெண்கருவும் தயிரும் சேர்த்து, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றும் செட்டிநாட்டு வெண்பூச்சுக்குப் பெரும்புகழ் உண்டு. அது உட்சுவருக்கும் மழை படாத தூணுக்கும் உரிய நிறைவுப்பூச்சே அன்றி, வெளிமுகப்பு முழுவதற்கும் உரியது அல்ல. முட்டைக் கணக்கைப் பேசி விலையை உயர்த்தும் ஒப்பந்ததாரரிடம் இந்த வேறுபாட்டைக் கேட்டுத் தெளிவது நன்று.

பூச்சு மூன்று அடுக்காக அமையும். முதலடுக்கு செங்கல்லின் மேடுபள்ளங்களை நிரப்பிப் பற்றிக்கொள்கிறது. இரண்டாவது அடுக்கை மட்டப்பலகையால் இழுத்துச் சமன் செய்கிறார்கள். மூன்றாவது, சலித்த மணலும் கூடுதல் சுண்ணாம்பும் கொண்ட மெல்லிய நிறைவடுக்கு. மேலே வரும் எந்த அடுக்கும் கீழே இருப்பதைவிட வலுவானதாக இருக்கலாகாது என்பது இதன் அடிப்படை நெறி. இன்றைய வேலைகளில் மிகுதியாக மீறப்படுவதும் இதுவே. ஒவ்வோர் அடுக்கும் ஓரளவு இறுகிய பின்னரே அடுத்ததைத் தொடங்க வேண்டும். இடைப்பட்ட நாட்களில் சாரத்தில் ஈரச்சாக்குகளைத் தொங்கவிட்டு வெயிலும் அனல்காற்றும் தாக்காமல் காக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதைக் கணக்கில் கொண்டால், கிழக்குக் கடற்கரை மாவட்டங்களில் தை, மாசி மாதங்களே இவ்வேலைக்கு வசதியானவை.

அணிவேலைகளில் பலவற்றுக்கு அழகைத் தவிர வேறு பணியும் உண்டு. கோயில் விமானத்தில் வளைந்து இறங்கும் கொடுங்கையானாலும், வீட்டுக் கைப்பிடிச்சுவரின்கீழ் நீளும் கார்னிஸானாலும், மழைநீரைச் சுவரிலிருந்து விலக்கி வெளியே சொட்ட வைப்பது அவற்றின் பணி. சாளரத்தின் தலைமேல் நீளும் சிறு பிதுக்கமும் அப்படியே. பிதுக்கத்தின் மேற்பரப்பு வெளிநோக்கிச் சரிந்திருக்க வேண்டும். அடிப்பரப்பில் நீளமாக ஒரு காடி, அதாவது நீர் பின்னோக்கி ஊர்ந்து சுவரைத் தொடாமல் அறுபட்டு விழச் செய்யும் பள்ளம், வெட்டப்பட வேண்டும். இந்தக் காடியை மறந்த கார்னிஸின்கீழ் இரண்டே மழையில் கறுப்புக் கறை இறங்கிவிடும். சரிவும் காடியும் இல்லாமல் ஒட்டப்படும் பட்டைகள், எவ்வளவு நுட்பமான பூவேலை கொண்டவையானாலும், நீரைத் தேக்கி வைக்கும் தட்டுகளாகவே முடிகின்றன.

நீளமான கார்னிஸை உருவாக்க, சுவர் கட்டும்போதே செங்கல்லை வரிசை வரிசையாகப் பிதுக்கி வைத்து, அதன்மேல் சாந்தை அப்பி, வேண்டிய வளைவின் குறுக்குவெட்டு வடிவில் வெட்டிய தகட்டை மரச்சட்டத்தில் பொருத்தி, ஒரு பத்தையின் வழியாக ஒரே சீராக இழுத்துச் செல்கிறார்கள். ஒவ்வோர் இழுப்பிலும் மிகுதி வழிந்து, வளைவு துலங்கி வருகிறது. பூக்கள், மடல்கள் போலத் திரும்பத் திரும்ப வருபவை அச்சில் வார்க்கப்பட்டுப் பின்னர் பதிக்கப்படுகின்றன. கஜலட்சுமி, யாளி, காவலாளி போன்ற உருவங்களோ உள்ளே செங்கல்லும் கம்பியும் வைத்துக் கையாலேயே வனையப்படுகின்றன. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014இல் இடம்பெற்ற செட்டிநாட்டு ஊர்களின் முகப்புகளில், தெய்வ உருவங்களுக்கு அருகிலேயே ஐரோப்பியச் சிப்பாய்களும் நிற்பதைக் காணலாம். உடைந்துபோன பகுதியை மீண்டும் செய்ய, எஞ்சிய ஒரு முழுத்துண்டிலிருந்து அச்செடுப்பதே சரியான வழி. புகைப்படத்தை மட்டும் பார்த்து வனைந்தால் ஆழமும் நிழலும் மாறிவிடும்.

இன்றைய மாற்றுப் பொருட்களில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வெளிச்சுவருக்கு ஆகாது. அது ஜிப்சத்திலிருந்து செய்யப்படுவது, ஜிப்சமோ நீரில் சிறிதளவு கரையக்கூடியது. தெர்மோகோல்மீது மெல்லிய பூச்சேற்றிய பட்டைகள் எடை குறைந்தவை, விலை மலிந்தவை. ஆனால் ஒட்டும் பசை ஆவியைத் தடுக்கும், இணைப்பில் வெடிப்பு விட்டால் நீர் பின்னால் தங்கும், ஏணி சாய்த்தாலே அமுங்கும். காரத்தைத் தாங்கும் கண்ணாடி இழை கலந்த கான்கிரீட் வார்ப்புகள் உறுதியானவை என்றாலும் அவற்றை ஆணியும் தாங்கியும் கொண்டு பொருத்த வேண்டியிருப்பதால், பழைய மென்செங்கல் சுவர் அந்தச் சுமையை ஏற்குமா என்று பொறியாளர் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

எதைச் சேர்ப்பது என்பதைவிடக் கடினமானது, எங்கே நிறுத்துவது என்பது. புதுச்சேரியின் பிரெஞ்சு-தமிழ்க் கலப்பு வீடுகளில், கீழ்த்தளம் திண்ணையும் மரத்தூணும் தாழ்வாரமுமாகத் தமிழ் மரபில் நிற்க, மேல்தளம் அரைத்தூணும் வளைவுச் சாளரமும் சுதைப்பட்டையுமாக ஐரோப்பிய மரபில் எழுகிறது. இரண்டும் இசைந்து நிற்பதற்குக் காரணம், கீழே உள்ள தூண்வரிசையை மேலே உள்ள சாளரவரிசை பின்பற்றுவது. அந்நகரின் வைசியாள் வீதியில் மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு ஐரோப்பிய ஒன்றியத் திட்டமொன்றின் உதவியோடு தமிழ் வீடுகளின் முகப்புகளைச் சீரமைத்தபோது, தனித்தனி வீட்டின் ஆடம்பரத்தை அல்லாமல், தெருவின் தொடர்ச்சியையே அளவுகோலாகக் கொண்டது. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருதுகளில் அப்பணி சிறப்பிக்கப்பட்டது. ஒற்றைத்தள வீட்டின் தாழ்ந்த முகப்பில் கிரேக்கக் கோயிலின் முக்கோண முகடும் நான்கு பெருந்தூண்களும் ஏறும்போது, வீடு பெரிதாகத் தெரிவதற்கு மாறாகக் குள்ளமாகவே தெரிகிறது. வாயிற்கதவின் சட்டம், சாளர விளிம்பு, கைப்பிடிச்சுவரின் கார்னிஸ், அதன் நடுவில் கட்டிய ஆண்டைத் தாங்கிய சிறு வளைவு ஆகிய நான்கையும் திருத்தினாலே பெரும்பாலான பழைய முகப்புகள் துலங்கிவிடும்.

நிறைவாக வண்ணம். சுண்ணாம்புப் பூச்சின்மேல் சுண்ணாம்பு வெள்ளையே மிகவும் பொருந்துகிறது. காவி, மஞ்சள் போன்ற மண்நிறமிகள் காரத்தில் வெளுக்காமல் அதோடு கலக்கின்றன. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிக்க மனமில்லாதவர், ஆவியை விடும் சிலிக்கேட் வகை வண்ணத்தை நாடலாம். விலை கூடுதல், ஆயுளும் கூடுதல். வேலையை ஒப்படைக்கும் முன், முகப்பின் ஒதுக்குப்புறத்தில் ஒரு சதுர மீட்டர் அளவுக்கு மூன்றடுக்குப் பூச்சும் ஒரு முழ நீளக் கார்னிஸும் மாதிரியாகச் செய்யச் சொல்லி, சில வாரம் விட்டுப் பார்த்து, கலவையின் விகிதத்தையும் காடியின் ஆழத்தையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது இருதரப்புக்கும் நல்லது. சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை.