விழக் கற்றவர்கள்

"அண்டர்டேக்கர் சண்டையெல்லாம் பொய்தானே? பிறகு ரிங் ஏன் அப்படி அதிர்ந்தது?" என்று அனுப்பர்பாளையத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்.

அண்டர்டேக்கர் போன்ற வீரர்கள் மோதிய அந்த டிவி மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பார் என்பது முன்பே முடிவான சங்கதிதான். 1989-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில செனட்டில் மல்யுத்தத்தை நடத்திய டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனமே அதை ஒத்துக்கொண்டுவிட்டது. 90-களில் கேபிள் டிவி வந்த புதிதில் திருப்பூரில் எங்கள் யாருக்கும் அது தெரியாது. அந்தச் சண்டைகளைப் பார்த்துவிட்டு, பனியன் கம்பெனி வாசலில் கிடக்கும் வேஸ்ட் மூட்டைகள்மேல் குதித்துக்கொண்டிருந்தோம். அண்டர்டேக்கர் ஏழு முறை செத்துப் பிழைத்தவர் என்று சத்தியம் செய்யாத பையன் எங்கள் தெருவில் கிடையாது.

ஆனால் அவர்கள் விழுந்தது நிஜம். அந்த ரிங் 20 அடிக்கு 20 அடி. அடியில் இரும்புச் சட்டம், மேலே மரப்பலகைகள், அதற்கு மேல் மெல்லிய ஃபோம், எல்லாவற்றையும் மூடி இழுத்துக் கட்டிய கேன்வாஸ். டிவியில் மெத்தை மாதிரி தெரியும். விழுந்தவருக்குத்தான் பலகை தெரியும். பலகை கொஞ்சம் வளைந்து கொடுப்பதால் ஆள் பிழைக்கிறார். 'டமால்' சத்தமும் அதனால்தான் வருகிறது. அதைப் பெரிதாக்க அடியில் மைக் வேறு. சுற்றிலும் இருப்பது ரப்பர் என்று நினைத்திருந்தோம். அது டேப் சுற்றிய நிஜக் கயிறு. வேறு பல கம்பெனிகள் இரும்பு வடத்தை ரப்பர் குழாய்க்குள் விட்டுக் கட்டின.

எனக்கு இதில் தீராத வியப்பு, விழும் வித்தைமேல். 'பம்ப்' என்பார்கள். பயிற்சிக்குப் போனால் முதலில் அதைத்தான் சொல்லித் தருவார்கள். பின்மண்டை மோதாமலிருக்க மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மேல்முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும். கையை ஊன்றவே கூடாது. ஊன்றினால் மொத்த எடையும் ஒரே எலும்பில் இறங்கி மணிக்கட்டு போய்விடும். கைகளை விரித்துத் தரையை அறைய வேண்டும், படும் கணத்தில் மூச்சை வெளியே விட வேண்டும். இத்தனையும் செய்தால் அடி ஓரிடத்தில் இறங்காமல் உடம்பெங்கும் பரவும். தூக்கிப்போடுகிறவருக்கும் இதில் பாதிப் பொறுப்பு உண்டு. எதிராளியின் கழுத்து அவர் கையில்தான் இருக்கிறது.

இவ்வளவு தெரிந்தவர்களுக்கும் தவறியிருக்கிறது. 1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க் நகரம். மேன்கைண்ட் வேடத்தில் இருந்த மிக் ஃபோலி என்ற வீரரை, ரிங்கை மூடியிருந்த 16 அடி உயரக் கூண்டின் உச்சியிலிருந்து வர்ணனையாளர் மேசைமேல் வீசினார் அண்டர்டேக்கர். அது பேசி வைத்தது. ஃபோலி மறுபடி மேலே ஏறியதும் கூண்டின் கூரையே பிய்ந்து ரிங்குக்குள் விழுந்தாரே, அது யாரும் பேசி வைக்காதது. அடுத்த ஆண்டு மே மாதம் ஓவன் ஹார்ட் என்ற வீரர் அரங்கின் கூரையிலிருந்து இறங்கும்போது அவரைத் தாங்கிய கொக்கி விடுபட்டு விழுந்து இறந்துபோனார். அதற்குப் பிறகும் அன்றைய நிகழ்ச்சியைத் தொடர்ந்து நடத்தினார்கள். அதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

இத்தனைக்கும் இந்த வீரர்கள் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனத்தின் ஊழியர்கள்கூட அல்ல, தனி ஒப்பந்தக்காரர்கள். உடல்நலக் காப்பீடு அவரவர் பாடு. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாமல் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பவர் டேபிள் தொழிலாளியை அறிந்த நம் ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது பையன்கள் மொபைலில் இந்தச் சண்டைகளையெல்லாம் பார்த்துவிட்டு மொட்டைமாடி சிமெண்ட் தரையில் ஒருவரையொருவர் தூக்கிப்போடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஓடவும் தாண்டவும் பழக்குகிறோம், விழப் பழக்குவதில்லை. ஜூடோவில் அதைத்தான் முதலில் பழக்குவார்கள். உங்கள் பிள்ளைக்கு இந்தச் சண்டைமேல் ஆசை இருந்தால் திட்டாதீர்கள். ஜூடோ வகுப்பில் சேர்த்துவிடுங்கள். சேர்க்கும் முன் அங்கே நல்ல மெத்தை விரித்திருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள்.