36 மணி நேரம் கண் விழிக்கும் டாக்டர்கள்! உயிர் காப்பவர்களின் மனம் உடைகிறது

சென்னை.

குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் போலீஸ் பிடிக்கும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் கேஸ்! அதைப்போல 3 மடங்கு தடுமாற்றத்தில் ஒருவர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டால்? யாரும் பிடிப்பதில்லை. காரணம், அது சாராயம் அல்ல. தூக்கமின்மை!

ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் இதை 1997-ல் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 24 மணி நேரம் தூங்காதவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 100 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமமாம்.

நம் நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் மேல்படிப்பு (பி.ஜி.) படிக்கும் டாக்டர்கள் 36 மணி நேரம்கூட ஒரே மூச்சில் வேலை பார்ப்பது பழகிப்போன சங்கதி.

அட்மிஷன் டே

காலை 8 மணிக்கு வார்டுக்குள் நுழைகிறார் அந்த இளம் டாக்டர். அன்று அவர் யூனிட்டுக்கு "அட்மிஷன் டே". விபத்து, விஷம், பாம்புக்கடி, நெஞ்சுவலி... ராத்திரி பூராவும் கேஸ் வந்துகொண்டே இருக்கும். ரத்தம் எடுக்கணும், கேஸ் ஷீட் எழுதணும், ஸ்கேனுக்கு அனுப்பணும். விடிந்ததும் ரூமுக்குப் போகலாமா? அதுதான் இல்லை! சீஃப் ரவுண்ட்ஸ் வருவார். அப்புறம் ஓ.பி. அல்லது ஆபரேஷன் தியேட்டர். படுக்கையில் சாயும்போது மறுநாள் இரவு 8 மணி!

நடுவில் ஒரு நோயாளி கண்ணை மூடினால், உறவினரிடம் அதைச் சொல்ல வேண்டியவரும் இவர்தான். ஆத்திரத்தில் விழும் அடியும் பெரும்பாலும் இவர் மேல்தான். 2024 நவம்பரில் கிண்டி அரசு ஆஸ்பத்திரியில் சீனியர் டாக்டருக்கே கத்திக்குத்து விழுந்தது. ஜூனியர் கதி என்ன?

122 பேர்

5 ஆண்டுகளில் நாடு முழுவதும் மருத்துவ மாணவர்கள் 122 பேர் தற்கொலை செய்துகொண்டதாகவும், அவர்களில் 58 பேர் மேல்படிப்பு டாக்டர்கள் என்றும் தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் கணக்கு வெளிவந்தது. மேல்படிப்பைப் பாதியில் விட்டவர்கள் 1,117 பேர்.

விட்டுப் போவதும் லேசு அல்ல. பல மாநிலங்களில் லட்சக்கணக்கில் பாண்டுப் பணம் கட்டணும். இதை எடுத்துவிடுங்கள் என்று தேசிய மருத்துவ ஆணையமே 2024 ஜனவரியில் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது.

சரி, மனநல டாக்டரைப் பார்க்கலாமே? அவர் இருப்பதும் அதே காம்பவுண்டுக்குள்! சீட்டு வாங்கிய மறுநிமிஷம் வார்டு முழுக்கத் தெரிந்துவிடும், பரீட்சை போடும் பேராசிரியர் காதுக்கும் போய்விடும் என்று பயம். ஊருக்கு மருந்து எழுதும் கை, தனக்கு எழுதத் தயங்குகிறது.

சட்டம் தூங்குகிறது

சட்டம் இல்லாமல் இல்லை. 1992-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டது. ஜூனியர் டாக்டருக்கு சாதாரணமாக வாரம் 48 மணி நேரம் வேலை, ஒரே மூச்சில் 12 மணிக்கு மேல் கூடாது, சுழற்சி முறையில் வார லீவு. கூடவே, அவசரத்துக்கு ஏற்ப நேரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வரி. அந்த ஓட்டை வழியாகத்தான் 36 மணி உள்ளே வந்தது!

2023-ல் வந்த புதிய விதியோ "நியாயமான நேரம்" வேலை என்கிறது. எத்தனை மணி என்று எண்ணே போடவில்லை! 2024-ல் ஆணையத்தின் பணிக்குழு ஒரு எண் சொன்னது. வாரம் 74 மணிக்கு மிகாமல் வேலை, ஒருநாள் லீவு, தினம் 7 முதல் 8 மணி நேரத் தூக்கம்.

லாரி, பஸ் தொழிலாளிக்கு வாரம் 48 மணி என்று 1961-லேயே சட்டம் போட்டார்கள். டாக்டருக்கு 74!

அந்தக் குழு கருத்துக் கேட்டபோது, மேல்படிப்பு டாக்டர்களில் 100-க்கு 31 பேர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள்.

மனசு கனத்தால் டாக்டரானாலும் கூப்பிட வேண்டிய போன் நம்பர் 14416. "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் ஆரம்பமானது. ராத்திரி 2 மணிக்கும் பேசலாம், காசு கிடையாது.