பழைய காரில் பெட்ரோல் மீட்டரும் பம்பும்

நம் சங்க அன்பர்கள் பலரின் வீட்டு வாசலில் இன்றும் ஓர் அம்பாசடரோ மாருதி 800ஓ நிற்கக் காணலாம். இரண்டின் உற்பத்தியும் 2014இல் நின்றுபோயிற்று. ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் மட்டும் இப்படி மூன்று வண்டிகள் உண்டு. அவற்றில் ஒன்று என் தகப்பனார் வாங்கிய பெட்ரோல் அம்பாசடர். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் ஓடி உழைத்த வண்டி அது. நான் மெக்கானிக் அல்ல, கணக்கு எழுதிப் பிழைத்தவன். ஆனாலும் ஓர் இரவு பட்ட பாட்டினால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டேன்.

2009ஆம் வருடம் மார்கழி மாதம். நாகர்கோவிலில் என் மாமியாருக்கு மூச்சுத் திணறுகிறது என்று இரவு பத்தரைக்குப் போன் வந்தது. உடனே புறப்பட்டோம். பெட்ரோல் முள் பாதியில் நின்றது. உதியன்குளங்கரை தாண்டிப் பாறசாலையை நெருங்கும்போது வண்டி இரண்டு முறை குலுங்கி அணைந்துவிட்டது. முள்தான் பாதி காட்டுகிறதே, அப்படியானால் கோளாறு பம்பில்தான் என்று முடிவு கட்டினேன். கடையை அடைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் ‘பம்ப் போயிற்று’ என்று சொன்னேன். கேரளத்தில் பெட்ரோல் பங்குக்கே பம்ப் என்றுதானே பெயர்! அவர் பாறசாலைப் பக்கம் கையைக் காட்டி, ‘பம்ப் அவிடெயாணு’ என்றார். அதுவே சரியான வைத்தியம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அலைந்து ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்து, டார்ச் வெளிச்சத்தில் பம்பைக் கழற்ற வைத்தேன். பம்பில் ஒரு குறையும் இல்லை. டாங்க்தான் வறண்டு கிடந்தது. இரண்டு மணி நேரம் போயிற்று. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அத்தைக்குப் பேச்சு நின்றிருந்தது. என் மனைவி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆகவே வண்டி நின்றால் முதல் கேள்வி டாங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்பதுதான். இதற்கு முள்ளைச் சாட்சிக்கு அழைக்கக்கூடாது. டாங்க் மூடியைத் திறந்துவிட்டு வண்டியை ஆட்டச் சொல்லுங்கள். உள்ளே தளும்புகிற சத்தம் கேட்கும். தீக்குச்சி, மெழுகுவர்த்தி எதையும் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம். பீடியோடு குனிந்து பார்க்கிற ஆசாமிகளை நானே கண்டிருக்கிறேன்.

முள் ஏன் பொய் சொல்கிறது? டாங்குக்குள் ஒரு மிதவை, அதோடு ஒரு கம்பி, அது உரசுகிற மின்தடைச் சுருள். இந்த மூன்றும் சேர்ந்ததைத்தான் கடையில் டாங்க் யூனிட் என்பார்கள். மிதவை ஓட்டையாகி மூழ்கினால் முள் எப்போதும் காலி என்றே காட்டும். கம்பி சிக்கினால் நின்ற இடத்திலேயே நிற்கும். என் வண்டியில் நடந்தது இதுதான். சுருள் தேய்ந்தால் முள் துள்ளும். பெட்ரோல் முள்ளும் சூட்டு முள்ளும் ஒரே சமயத்தில் கோணல் செய்தால், டாங்கை விட்டுவிட்டு டாஷ்போர்டு பக்கம் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் இரண்டு மீட்டருக்கும் மின்சாரத்தைச் சீராக்கித் தரும் சிறு கருவி ஒன்றேதான். யூனிட்டை மாற்றுவதற்கு முன் அதன் எர்த் ஒயரைச் சுரண்டித் துடைத்துப் பாருங்கள். நம் ஊர் உப்புக் காற்றில் அது துருப்பிடிப்பது சாதாரணம்.

பெட்ரோல் இருந்தும் வண்டி ஓடவில்லையென்றால்தான் பம்பைச் சந்தேகிக்கலாம். அதிலும் முதலில் பார்க்க வேண்டியது டாங்க் மூடி. அதில் காற்றுப் போகிற சிறு துளை அடைத்துக்கொண்டால் டாங்கில் வெற்றிடம் உண்டாகும். பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போய், பிறகு வண்டி ஓடினால் குற்றவாளி அதுதான். அடுத்தது பில்டரும் ரப்பர் குழாயும். டாங்குக்கும் பம்புக்கும் நடுவில் குழாய் வெடித்திருந்தால் ஒரு சொட்டும் ஒழுகாமல் காற்றை மட்டும் இழுக்கக்கூடும், கண்ணுக்குத் தெரியாது.

கார்புரேட்டர் வண்டியின் பம்ப் இஞ்சினோடு ஒட்டியிருக்கும். உள்ளே டயாபிரம் என்கிற மெல்லிய சவ்வு மேலும் கீழும் அசைந்து பெட்ரோலைத் தள்ளும். இந்தச் சவ்வு கிழிந்தால் வண்டி நிற்கும் என்பது மட்டுமல்ல. பல பம்புகளில் பெட்ரோல் இஞ்சின் ஆயிலுக்குள் இறங்கிவிடும். ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஊற்றாமலே ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ வண்டியை அதற்கு மேல் ஓட்டவே கூடாது. இஞ்சினும் கெடும், தீப்பிடிக்கவும் வழியுண்டு.

இன்னொரு சங்கதி. ஒரு சித்திரை வெயிலில் ஆரல்வாய்மொழி ஏற்றத்தில் வண்டி நின்றது. டாங்க் நிறைய பெட்ரோல், பம்பும் புதிது. சூட்டில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிட்டது. பானெட்டைத் திறந்து, பம்பின் மேல் ஈரத்துணி போட்டு, அரை மணி காத்திருந்தோம், ஸ்டார்ட் ஆகிவிட்டது.

பம்ப் வேலை செய்யாவிட்டால் பாட்டிலில் பெட்ரோலை ஊற்றி பானெட் மேல் கட்டிக் குழாய் விட்டு ஓட்டுகிற வித்தை ஒன்று உண்டு. அதைச் செய்யாதீர்கள். வாயால் பெட்ரோலை உறிஞ்சுவதும் வேண்டாம். கொஞ்சம் நுரையீரலில் இறங்கினாலே ஆபத்து.

பின்னால் வந்த மாருதி 800 போன்ற இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் மின்சார பம்ப் டாங்குக்குள்ளேயே மூழ்கியிருக்கும். சாவியைத் திருப்பியதும் இரண்டு நொடி மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் முதலில் பியூஸையும் ரிலேயையும் பார்க்கலாம். பெட்ரோல்தான் அந்தப் பம்பைக் குளிர்விக்கிறது. அடிமட்டத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் சீக்கிரம் கருகிவிடும். அதன் குழாயில் அழுத்தம் அதிகம், ஆகையால் வீட்டில் கழற்ற வேண்டாம்.

இப்போது புதிதாய் ஒரு தொல்லை சேர்ந்திருக்கிறது. 2023 முதல் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் பரவலாக வரத் தொடங்கியது. பழைய ரப்பருக்கு அது ஆகாது. குழாயும் சவ்வும் ஊதும், பிறகு விரியும். எத்தனால் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியில் அந்தத் தண்ணீர் டாங்கின் அடியில் தங்கிவிடும். குழாயும் டயாபிரமும் வாங்கும்போது எத்தனாலுக்குத் தாங்கும் ரப்பர்தானா என்று கேட்டு வாங்குங்கள். விலை சற்றுக் கூடும்.

அந்த இரவுக்குப் பிறகு டாஷ்போர்டு அறையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். டாங்க் நிரப்பும்போதெல்லாம் கிலோமீட்டரையும் லிட்டரையும் எழுதி வகுத்துப் பார்ப்பேன். எத்தனால் வந்த பிறகு லிட்டருக்கு ஓடும் தூரம் கொஞ்சம் குறைந்திருப்பதை அந்தக் கணக்குத்தான் காட்டிற்று. புது டாங்க் யூனிட் போட்டு முள் இப்போது சரியாகத்தான் காட்டுகிறது. என்றாலும் ஊருக்குப் புறப்படும்போது என் மனைவி முள்ளைப் பார்ப்பதில்லை. நோட்டை எடுத்துக் கடைசி வரியைப் பார்த்த பிறகுதான் கதவைச் சாத்துவாள்.